அம்மா பெயரில் முளைத்த பல்

தாலுகா ஆபீஸுக்கு எதிரில் பத்தொன்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், டி.டி.பி., பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை. போர்டில் எழுதாத ஒரு தொழிலும் உண்டு. மனு அடித்துக் கொடுப்பது. "ஐயா, மேற்படி விலாசத்தில் வசித்துவரும் நான்" என்று ஆரம்பித்து "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியும் மனுக்களைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். பட்டா பெயர் மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் மருமகள் பெயர் சேர்த்தல், மகள் பெயர் நீக்கல். எந்த மனுவுக்கு எந்த ஜன்னல், எந்த ஜன்னலில் எந்தக் கிழமை ஆள் இருப்பார் என்பதுவரை கேட்டுக்கொண்டு போக எங்கள் கடைக்கு ஆட்கள் வருவார்கள்.

யாராவது கிழவி ஆதாரையும் ரேஷன் கார்டையும் நீட்டினால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லுவேன்: "இதுல ஒரு பேரு, அதுல ஒரு பேரு இருந்தா எப்படிம்மா? முதல்ல அதைச் சரிபண்ணிட்டு வாங்க." எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான் இது. பல்லி என்று வாய்க்கு வந்ததும் சும்மா இல்லை. காரணம் பின்னால் வருகிறது.

அம்மா கிராமத்தில் தனியாக இருக்கிறார். கடையிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். அப்பா 2014இல் போனபிறகு எங்களோடு வரச்சொல்லிக் கூப்பிட்டேன். "மாடியில இருக்க எனக்கு மூச்சு முட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவருக்குத் தனி ரேஷன் கார்டு. கைம்பெண் பென்ஷன் மாதம் 1,200 ரூபாய் வருகிறது. முன்பு 1,000 ஆக இருந்தது, 2023 ஆகஸ்டில் கூட்டினார்கள். ஊரில் எந்தப் பென்ஷனாக இருந்தாலும் அதற்கு ஓஏபி, அதாவது முதியோர் பென்ஷன், என்றுதான் பெயர். மாதம் பிறந்தால் "ஓஏபி ஏறிருச்சா பாரு" என்று எனக்கு ஒரு போன் வரும்.

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயலுக்கு முன்னும் பின்னும் கொட்டிய மழையில் சம்பா வயல்கள் தண்ணீருக்குள் கிடந்த நேரம். இரவு பத்தரைக்குப் பக்கத்து வீட்டு அத்தை போன் செய்தார். "உங்கம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுதுடா, நெஞ்சைப் பிடிச்சுகிட்டு உக்காந்திருக்கு." நான் பைக்கை எடுப்பதற்குள் அவரே 108க்கும் சொல்லிவிட்டார். நான் பாதி வழி போவதற்குள் வண்டி அம்மாவை ஏற்றிக்கொண்டு எதிரில் வந்தது. உள்ளே ஏறிக்கொண்டேன். வண்டியில் இருந்த பெண் கேட்டது மூன்றே கேள்வி. வலி எப்போதிருந்து, சர்க்கரை பிரஷர் இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடுறாங்க. ஆஸ்பத்திரி வாசல்வரை வேறு எதுவும் கேட்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள். எனக்குப் பத்து வயது குறைவாக இருக்கும் டூட்டி டாக்டர், கட்டில் ஓரத்தில் நின்றே இரண்டு மணி நேரம் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிகாலையில் வெளியே வந்து சொன்னார்: "இப்போ பரவாயில்லை. ஆனா ஆஞ்சியோ பார்த்தே ஆகணும். இங்க அதுக்கான கேத் லேப் இல்லை." மெடிக்கல் காலேஜுக்கு எழுதித் தரட்டுமா, இல்லை நீங்களே எங்காவது கூட்டிப்போகிறீர்களா என்று கேட்டார்.

இங்கேதான் முதல் தப்பைச் செய்தேன். மெடிக்கல் காலேஜுக்கே போயிருக்கலாம். மச்சான் சொன்னார்: "அத்தைக்குத்தான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே மாப்ள. அஞ்சு லட்சம் வரைக்கும் போகுது. பிரைவேட்லயே பார்த்துடலாம்." அட்டை இருக்கிற தைரியத்தில் நானும் தலையாட்டினேன்.

அம்மாவின் அட்டைகள் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் இருக்கும். வெளியூர் போனாலும் ஆஸ்பத்திரி போனாலும் பை கூடவே வரும். அன்றைக்கு ஆம்புலன்ஸில் ஏறும்போதுகூட அத்தையிடம் பையைத்தான் முதலில் கேட்டிருக்கிறார். அதிலிருந்து மூன்று காப்பீட்டு ஆவணங்களை எடுத்து, தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் வரிசையாக வைத்தேன்.

முதலாவது, 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்துக்கானது. நான்கு வருடத்துக்குக் குடும்பத்துக்கு ஒரு லட்சம் என்று இருந்த திட்டம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு போய்ப் போட்டோவுக்கு உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2011இல் ஆட்சி மாறியது, அந்த அட்டை செல்லாததாகிவிட்டது. இரண்டாவது, 2012 ஜனவரியில் ஜெயலலிதா தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை. இதில் வருடத்துக்கு ஒரு லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். வருட வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்து, மாநிலத் திட்டம் அதோடு இணைந்து, தொகை ஐந்து லட்சமானபோது யாரோ வந்து எழுதிக்கொண்டு போனதற்கான சீட்டு. அது சீட்டாகவே நின்றுவிட்டது. மூன்றையும் நான்தான் லேமினேட் செய்து கொடுத்திருக்கிறேன், அந்தச் சீட்டு உட்பட.

கவுன்டரில் இருந்த பையன் இரண்டாவது அட்டையின் எண்ணைத் தட்டினான். இன்னொரு முறை தட்டினான். "சார், இது ஆக்டிவ்ல இல்லை."

"அட்டை கையில இருக்கேப்பா."

"அட்டை இருக்கு சார். ஆக்டிவ்ல இல்லை."

இந்த வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

சரி, வழி என்ன? வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், இவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அங்கே பதிந்து எண் வந்தால், மருத்துவமனை அப்ரூவலுக்கு அனுப்பும். அப்ரூவல் வந்தால் சிகிச்சை. அதுவரை அட்வான்ஸ் கட்டி அட்மிட் ஆகலாம். முதலில் கட்டிய பணம் பிறகு திரும்பி வருமா என்று கேட்டேன். அப்ரூவலுக்கு முன்னால் செய்ததற்கு வராது என்றான். நல்ல பையன். சுற்றி வளைக்காமல் சொன்னான்.

வி.ஏ.ஓ. ஆபீஸ் பூட்டியிருந்தது. இரண்டு கிராமத்துக்கு ஒரே ஆள், அதில் ஒன்று கூடுதல் பொறுப்பு. போனை எடுக்கவில்லை. தலையாரியைப் பிடித்துக் கேட்டால், பயிர்ச்சேதம் கணக்கெடுக்க வாய்க்கால் தாண்டிப் போயிருக்கிறார் என்றார். போனேன். முழங்கால் அளவு தண்ணீரில் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் கவருக்குள் போட்ட நோட்டோடு நின்றிருந்தார் மனிதர். சுற்றிலும் இருபது விவசாயிகள், ஆளுக்கு ஒரு சர்வே நம்பர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கரைக்கு ஏறிவந்து, என் பைக் சீட்டில் படிவத்தை வைத்து எழுத ஆரம்பித்தார்.

"வருஷ வருமானம் எவ்வளவு போடட்டும்?"

"ஓஏபி மட்டும்தான் சார். 1,200 வீதம் பார்த்தா 14,400 வருது."

"அப்படிப் போட்டா கேள்வி கேப்பாங்க. 72,000ன்னு போட்டுடறேன். எல்லாருக்கும் அதான்."

வரம்பை 1,20,000 ஆக்கிச் சில வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் எழுதி எழுதிப் பழகிய கைக்கு இன்னும் 72,000தான் வருகிறது. அந்தத் தாளைப் பொறுத்தவரை என் அம்மா மாதம் 6,000 சம்பாதிக்கிறார். வாங்கிக்கொண்டேன்.

இந்த வருமானச் சான்றைப் பற்றி எனக்குப் பல வருடமாகவே ஒரு எரிச்சல் உண்டு. எங்கள் பக்கம் கொத்தனாருக்கு நாள் கூலி ஆயிரம் ரூபாய். வருடத்தில் 121 நாள் வேலை பார்த்துவிட்டால் அவர் வரம்பைத் தாண்டிவிட்டார். உண்மையைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்கு அட்டை கிடையாது. அதனால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. எழுதிக் கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், எதிர்க்கடையில் அதை ஜெராக்ஸ் போடுகிற எனக்கும் தெரியும். அம்மா விஷயம் இன்னும் வேடிக்கை. ஆதரவற்ற விதவை என்று விசாரித்து எழுதி, மாதாமாதம் பணம் அனுப்புவது சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனித் தாசில்தார் ஆபீஸ். அதுவும் வருவாய்த் துறைதான். அவர் ஏழை என்று ஒரு மேஜைக்குத் தெரிந்து பத்து வருடம் ஆகிறது. அதைப் பக்கத்து மேஜைக்குச் சொல்ல நான் பதினான்கு கிலோமீட்டர் போய் வயலில் இறங்க வேண்டியிருந்தது.

மறுநாள் கலெக்டர் ஆபீஸ். காப்பீட்டு மையம் என்பது ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். பிரின்டரில் மை இல்லாததால் வரிசை அரை மணி நேரம் அசையவில்லை. எனக்கு முன்னால் ஒரு பெரியவர் டயாலிசிஸ் ஊசி குத்திய கையில் கட்டோடு நின்றார். அவருக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். நோயாளியே நேரில் வந்து நோயாளி என்று நிரூபிக்கிற வரிசை அது. என் முறை வந்தது. அங்கிருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒப்பந்த ஊழியர். காலையிலிருந்து எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆதாரைப் பார்த்தார், ரேஷன் கார்டைப் பார்த்தார், மறுபடி ஆதாரைப் பார்த்தார்.

"அண்ணா, பேர் மேட்ச் ஆகலையே."

அம்மாவுடையது "அம்பாள்" என்று முடியும் பழைய காலத்துப் பெயர். முழுதாக இங்கே எழுதப்போவதில்லை, டெல்டாவில் பாதிப் பாட்டிகளுக்கு அந்த வகைப் பெயர்தான். 2017இல் காகித ரேஷன் கார்டை மாற்றி ஸ்மார்ட் கார்டு கொடுத்தபோது, ஆங்கிலத்தில் இருந்த பெயரை இயந்திரம் தமிழாக்கியிருக்கிறது போல. பி, ஏ, எல் என்ற மூன்று எழுத்தை அது தன் அறிவுக்கு எட்டியபடி வாசித்து, "அம்பல்" என்று முடித்துவைத்திருக்கிறது. அந்த வருடம் ஒரு பெண்ணின் ஸ்மார்ட் கார்டில் நடிகையின் படம் அச்சாகிச் செய்தியில் வந்தது. அதைக் கடையில் வைத்து நானும் சிரித்திருக்கிறேன். அம்மாவின் கார்டையும் அதே வாரம்தான் லேமினேட் செய்தேன். பார்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தி பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் ராத்திரியோடு ராத்திரியாக மறு அச்சுப் போடுகிறவன், பெற்றவள் பெயரை ஏழு வருடம் வாசிக்கவே இல்லை.

"ஒரே ஆள்தாம்மா. போட்டோவைப் பாருங்க."

"எனக்குத் தெரியுதுண்ணா. சிஸ்டம் எடுக்கணுமே."

ரேஷன் கார்டில் பெயரைத் திருத்த ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஓடிபி வர வேண்டிய நம்பர், மூடிப்போன ஒரு கம்பெனியின் சிம். அந்த சிம் அம்மாவின் சுருக்குப்பையில் இன்னமும் இருக்கிறது, "போட்டு வை, எப்பவாவது வேலை செய்யும்" என்று. நம்பர் மாற்ற வட்ட வழங்கல் அலுவலகம் போக வேண்டும். ஆதாரில் நம்பர் சேர்க்க அப்போது ஆளே நேரில் வந்து விரல் வைக்க வேண்டியிருந்தது. ஆள் ஐசியூவில். ஐசியூவில் இல்லாவிட்டாலும் சிரமம்தான். நாற்பது வருடம் நாற்று நட்ட கை, ரேகை தேய்ந்து ரேஷன் கடை இயந்திரத்திலேயே பாதி மாதம் பதிவதில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கேட்டுக்கொண்டிருந்தவர், குழாயைத் தள்ளிவிட்டுக்கொண்டு சொன்னார்: "பல்லுன்னா போட்டிருக்கான்? வாயில இருக்கிறதே நாலு. அதையும் எண்ணிப் பாத்துட்டுத்தான் கார்டு குடுப்பானாமா?" பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். நர்ஸ் வந்து அதட்டினார்.

அன்றைக்கு இரவு கடையைத் திறந்து உட்கார்ந்தேன். காப்பீட்டு மையத்துப் பெண்தான் வழி சொல்லியிருந்தார்: நோயாளி உள்நோயாளியாக இருப்பதாக மருத்துவமனைக் கடிதம், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று வி.ஏ.ஓ.விடம் ஒரு சான்று, இவற்றோடு மேலதிகாரிக்கு ஒரு மனு. "அவர் கையெழுத்து போட்டா நான் ஏத்திடுவேண்ணா." மனுதானே, என் தொழில். டெம்ப்ளேட்டைத் திறந்தேன். "ஐயா, எனது தாயார்" என்று அடித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "தாழ்மையுடன்" என்ற சொல்லை ஆயிரம் தடவை அடித்திருந்தாலும் எனக்காக ஒருமுறைகூட அடித்ததில்லை.

மூன்றாம் நாள் ஆஞ்சியோவைத் தள்ளிப்போட முடியாது என்றுவிட்டார்கள். மனைவி கழுத்துச் சங்கிலியை அவளாகவே கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்து ஆஞ்சியோவுக்குக் கட்டினேன். ஒரு குழாயில் பெரிய அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும். நான்காம் நாள் மனுவில் கையெழுத்து விழுந்து எண் கிடைத்தது. மருத்துவமனை அப்ரூவலுக்கு அனுப்பியது. ராத்திரி கவுன்டர் பையன் போனில்: "சார், க்வெரி போட்டிருக்காங்க." என்ன க்வெரி? ஈசிஜியில் தேதி தெளிவாக இல்லை, பெயரில் வேறுபாடு. வேறுபாடு இல்லை என்பதற்கு வாங்கிய சான்றை இணைத்தபிறகும், வேறுபாடு இருக்கிறது என்று க்வெரி. இரண்டுக்கும் பதில் போய், ஐந்தாம் நாள் மத்தியானம் அப்ரூவல் வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கு அப்புறம் ஒரு பைசா கேட்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். கட்ட வேண்டியிருந்தால் வயலை விற்க வேண்டி வந்திருக்கும்.

ஆகவே இந்தத் திட்டமே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. கடை வாசலில் உட்கார்ந்து பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன். இந்த அட்டையால் பிழைத்தவர்கள் எனக்கே நிறையப் பேரைத் தெரியும். எனக்கு உறுத்துவது வேறு. மருத்துவச் சீர்திருத்தம் என்று எது வந்தாலும் அது எங்கள் வீட்டுக்கு ஒரு புது அட்டையாகத்தான் வந்து சேர்கிறது. ஒவ்வொரு அட்டையும் நாங்கள் யார் என்பதை முதலிலிருந்து கேட்கிறது. பழைய அட்டையின் பிழை மட்டும் ஒரு சிக்கலும் இல்லாமல் புது அட்டைக்கு மாறிக்கொள்கிறது. என் கடைக்கு இதில் நல்ல வியாபாரம். அட்டைக்கு 20 ரூபாய் லேமினேஷன், இரண்டு பக்கம் ஜெராக்ஸ், ஒரு மனு. ஆட்சி மாறினாலும் திட்டம் மாறினாலும் இந்த வரும்படி மாறியதில்லை.

அட்டை கேட்காமலும் சில வந்திருக்கின்றன. 108 வண்டி தமிழ்நாட்டில் 2008இல் வந்தது. இன்றைக்குவரை ஏறுபவரிடம் வருமானச் சான்று கேட்டதில்லை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்து, எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி அனுப்பினார்கள். அந்த ஏற்பாடு இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அன்று ராத்திரி அவர் கையில் ஏறிய மருந்துக்கு நான் கடை தேடி ஓடவில்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலம், என்ன வருமானம் என்று கேள்வியே கிடையாது.

ஸ்டென்ட் கதையும் இதே மாதிரிதான். 2013இல் பெரியப்பாவுக்கு வைத்தபோது ஒரு ஸ்டென்ட்டுக்கு மட்டும் லட்சத்துக்கு மேல் பில். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், வெறும் உலோகத்தில் செய்தது 7,260, அதற்குமேல் வரி தவிர வாங்கக்கூடாது. அவ்வளவுதான். கலெக்டர் ஆபீஸில் யாரும் வரிசையில் நிற்கவில்லை. என் கடைக்கு ஒரு ஜெராக்ஸ்கூட வரவில்லை.

வருவாய்த் துறையில் இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து பேப்பர் படிப்பார். அவரிடம் இதைச் சொன்னேன். "கேக்காம கொடுத்தா காரு வச்சிருக்கிறவனெல்லாம் வந்துடுவான் தம்பி" என்றார். வந்துகொண்டுதானே இருக்கிறான் என்றேன். அவனுக்கு வி.ஏ.ஓ. வீடு தெரியும், அவனுக்காகக் கையெழுத்து வீட்டுக்கே வரும். சிக்கிக்கொள்வது வாயில் நாலு பல் இருக்கிற கிழவிதான். அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். ஆனாலும் மறுநாள் அதே வாதத்தோடு வந்தார். முப்பத்து மூன்று வருட சர்வீஸ், அவ்வளவு சீக்கிரம் போகாது.

இன்னொரு கூத்தும் உண்டு. எழுபது வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் காப்பீடு என்று மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் முடிவெடுத்தது. அக்டோபர் 29ஆம் தேதி தொடங்கியும் வைத்தார்கள். வருமானச் சான்று கிடையாது, ஆதாரில் வயது போதும். இதைப் படித்ததும் உற்சாகமாகி மஞ்சப்பையைத் துழாவினேன். அம்மாவின் ஆதாரில் பிறந்த தேதி 01-01-1957 என்று இருக்கிறது. ஆதார் எடுத்த அன்று வயது கேட்டிருக்கிறார்கள், "அம்பத்தஞ்சு இருக்கும்" என்றிருக்கிறார். அவர்களாகவே கணக்குப் போட்டு ஜனவரி ஒன்று என்று எழுதிக்கொண்டார்கள். அம்மாவுக்குத் தன் பிறப்பைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான். ஐம்பத்திரண்டு புயல் அடித்த ராத்திரி அவர் மூன்று மாதக் கைக்குழந்தை. கூரை பிய்த்துக்கொண்டு போக, நெல் குதிருக்குள் வைத்துக் காப்பாற்றினாராம் பாட்டி. அந்தப் புயல் நாகப்பட்டினத்தில் கரையேறியது 1952 நவம்பர் 30. அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அன்று அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. ஆதாருக்கோ அறுபத்தேழு. பிறந்த தேதியை ஒரே ஒரு முறை மாற்றலாம், ஆதாரம் இருந்தால். பள்ளிக்கூடம் போகாதவருக்குப் புயலைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. எங்கள் மாநிலத்தில் அந்த அட்டை எப்போது எப்படி என்ற அரசியலுக்குள் நான் போக வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

"இன்னும் ரெண்டு வருஷம் இரு, ஆதாருக்கும் எழுபது ஆயிடும்" என்றேன்.

"ஆகட்டும். கேட்டுச் சொல்லு, அதுவரைக்கும் நெஞ்சு வலிக்கலாமா கூடாதான்னு" என்றார்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். மாடு வைத்துக்கொள்ளக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை மக்களைத் தேடி மருத்துவத்திலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வருவார். 2021இல் ஆரம்பித்த திட்டம். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் நோட்டில் அம்மாவின் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். "பெரிய வேப்பமரத்து வீட்டுப் பாட்டி" என்று பென்சிலில் குறித்து, பக்கத்தில் சரியான பெயர். கால் வீக்கம் இருக்கிறதா என்று அவர் குனிந்து அழுத்திப் பார்க்கும்போது அம்மா பையைத் தேடுவதில்லை.

ரேஷன் கார்டு திருத்தத்துக்கு ஜனவரியில் விண்ணப்பித்தேன். முதல் விண்ணப்பம் காரணம் சொல்லாமல் நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது ஏற்கப்பட்டு, போன மாதம் புது அட்டை கைக்கு வந்தது. இந்த முறை லேமினேட் போடுவதற்கு முன்னால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரிகை புரூஃப் பார்ப்பதுபோல் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். பெயர் சரி. "பாள்" வந்துவிட்டது, கால் போட்டு, புள்ளி வைத்து. கதவு எண் சரி. கணவர் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயருக்கு முன்னால் "லடே" என்று ஒரு சொல் நின்றது. என்ன இது, எங்கள் வம்சத்தில் இல்லாத இனிஷியல் என்று யோசித்து, ஆங்கிலத்தில் மனதுக்குள் எழுதிப் பார்த்தபிறகுதான் புரிந்தது. காலமானவர் என்று குறிக்கப் பெயருக்கு முன்னால் நான் போட்ட "லேட்".

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அந்த மனுசன் இருந்தப்பவே எதுக்கும் லேட்டுதான்" என்று சொல்லிவிட்டு அட்டையை வாங்கி மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்கு ஒரு மனு அடிக்க வேண்டும். இன்னும் அடிக்கவில்லை.